பொலிகிடா விற்பனை: சிறு செம்மறிப் பண்ணைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கறிக்கிடா வாங்க வருபவருக்குத் தேவையானது எல்லாம் கண்ணெதிரே நிற்கிறது. இடுப்பில் கை வைத்து அழுத்துவார், தூக்கிப் பார்ப்பார், விலை சொல்வார். பொலிகிடா, அதாவது பெட்டைகளைச் சினையாக்க வைத்திருக்கும் கிடா, வாங்குபவரின் நிலைமை வேறு. ஐந்து மாதம் கழித்து விழப்போகும் குட்டிகளுக்கு அவர் இன்றே காசு கொடுக்கிறார். அந்தக் குட்டிகளை இன்றைக்கே அவர் கண்ணில் காட்ட உங்களால் முடிந்தால் பொலிகிடா விலை கிடைக்கும், முடியாவிட்டால் கறி விலைதான்.

முப்பது நாற்பது மேச்சேரிப் பெட்டைகளை வைத்து, வருடத்துக்கு நாலைந்து கிடா விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சேலம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர் சுற்றுவட்டாரத்தை மனதில் வைத்துச் சொல்கிறேன். வேறு இனம் வைத்திருப்பவர்களுக்கும் படிகளின் வரிசை மாறாது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டு, காதுவில்லைகள், ஐம்பது கிலோ வரை தாங்கும் தொங்கு தராசு, தையல்காரர் டேப் ஒன்று. இவற்றோடு கிடாக்களைத் தனியே அடைக்க, பெட்டைகள் கண்ணில் படாத ஒரு பட்டி. தராசு வாங்கக் கணக்குப் பார்ப்பவர்கள் பலர். கண் மதிப்பில் இரண்டு கிலோ தப்புவது சாதாரணம். முப்பது கிலோ கிடாவில் இரண்டு கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்றும் வேண்டும். உங்கள் பண்ணையிலேயே ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு தகப்பன் கிடாக்கள். எதற்கு என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

1. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

செம்மறியின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். மழை முடிந்து புல் இருக்கும் மார்கழியில் குட்டி விழ வேண்டும் என்று நினைப்பவர் ஆடியில் கிடாவைச் சேர்ப்பார். அதற்கு முன் மூன்று நாலு வாரம் கிடா அவர் பட்டியில் தனியாக நின்று பழக வேண்டும். அப்படியானால் அவர் வைகாசிக் கடைசியிலோ ஆனித் தொடக்கத்திலோ வாங்கியாக வேண்டும்.

அந்த நேரத்தில் உங்கள் கிடாவுக்குப் பதினைந்து மாதம் ஆகியிருக்க வேண்டுமென்றால், அது போன வருடம் மாசி, பங்குனியில் பிறந்த குட்டியாக இருக்க வேண்டும். புதியவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல், கிடா வளர்ந்த பிறகு ஆள் தேடுகிறார்கள். வாங்குபவர் ஏற்கெனவே வேறொன்றைச் சேர்த்து முடித்திருப்பார்.

2. குட்டி விழுந்த அன்றே நோட்டில் ஏற்றுங்கள்

பிறந்த தேதி, தாய் எண், தகப்பன் எண், பிறப்பு எடை, தாய்க்கு இது எத்தனையாவது ஈற்று. இந்த ஐந்தையும் அன்றே எழுத வேண்டும். "நாளைக்கு எழுதிக்கலாம்" என்று விட்டால், ஒரே வாரத்தில் பத்துக் குட்டி விழும்போது எது எதன் குட்டி என்று தெரியாமல் போகும். ஆட்டுக்கு மறக்காது, நமக்குத்தான் மறக்கும்.

மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். ஆகவே மூன்றாம் மாதத்தில் குட்டி எடுக்கும் எடையில் தாயின் பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் ஈற்றுத் தாயின் குட்டி சற்று இளைத்திருப்பதும், மூன்றாம் ஈற்றுத் தாயின் குட்டி கொழுத்திருப்பதும் இயல்பு. ஈற்று எண்ணை எழுதி வைக்காமல் எடையை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், நல்ல கிடாவுக்குப் பதில் நன்றாகப் பால் குடித்த கிடாவைத் தேர்ந்திருப்பீர்கள்.

3. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கழித்துக் கட்டுங்கள்

பால் மறக்கடிக்கும்போது எல்லா ஆண் குட்டிகளையும் ஒரே காலையில், தீனிக்கு முன், எடை போடுங்கள். அதே பருவத்தில் பிறந்தவற்றுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். பின்பாதி எடையில் இருப்பவை கறிக்குப் போகட்டும்.

ஆறாம் மாதம் இரண்டாவது கழிப்பு. இந்த முறை உருவத்தைப் பாருங்கள். மேச்சேரிக்கு இளம்பழுப்பு நிறம், குட்டையான முடி, மெல்லிய சிறு வால். ஆணுக்கும் கொம்பு இருப்பதில்லை. நன்றாகக் கொம்பு கிளம்பி நிற்கும் கிடாவை மேச்சேரி என்று சொன்னால், விவரம் தெரிந்தவர் உங்கள் மற்ற பேச்சையும் நம்பமாட்டார். உயரத்துக்காக வெளியூர்க் கிடாவோடு கலந்திருந்தால், கலப்பு என்று சொல்லியே விற்கலாம். அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

என் கணக்கில் பத்து ஆண் குட்டியில் இரண்டு தேறினால் அது நல்ல வருடம். நாலு தேறியது என்றால், நான் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறேன் என்று பொருள்.

இந்த இடத்தில்தான் பக்ரீத்தும் ஆடிக் கிடாவெட்டும் குறுக்கே வரும். காயடிக்காத, லட்சணமான கிடாவுக்கு அந்த வாரங்களில் நல்ல விலை கேட்பார்கள். பக்ரீத் வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும் என்பதால், ஒவ்வொரு வருடமும் தேதியைப் பார்த்து முன்பே முடிவெடுத்துவிடுங்கள். வாசலில் வண்டி நிற்கும்போது எடுக்கிற முடிவில் எப்போதும் நல்ல கிடாதான் போகும்.

4. தீனி: கொழுக்க வைக்காதீர்கள்

நம் ஊரில் ஜவ்வரிசி மில் திப்பி (மரவள்ளிச் சக்கை) மலிவாகக் கிடைக்கிறது. விற்பதற்கு இரண்டு மாதம் முன்பு திப்பியும் தவிடுமாகப் போட்டால் கிடா பளபளவென்று உருண்டு நிற்கும். இது பெரிய தவறு. திப்பியில் மாவுச்சத்துதான், புரதம் மிகக் குறைவு. விலாவில் கொழுப்பு ஏறிய கிடா வெயிலில் மூச்சு வாங்கும், பெட்டை மேல் ஏறச் சோம்பும். தவிடும் தானியமும் மிஞ்சினால் ஆண் ஆட்டுக்குச் சிறுநீர்க் கல் அடைக்கும். அடைத்த கிடா பிழைப்பது கஷ்டம்.

மேய்ச்சல், கடலைக்கொடி, சோளத்தட்டு, கொஞ்சம் வேலிமசால், நாளைக்கு 300 கிராம் கலப்புத் தீவனம், தாது உப்பு. இது போதும். முதுகைத் தடவினால் எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், ஆனால் குத்தக்கூடாது. மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட வேண்டாம், அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது.

குழந்தைகளைக் கிடாவின் நெற்றியில் தட்டி விளையாட விடாதீர்கள். குட்டியில் அது அழகாக இருக்கும். பெரிதான பின் அதே கிடா, குனிந்து தண்ணீர் ஊற்றுபவரின் இடுப்பை உடைக்கும். முட்டுகிற கிடாவை யாரும் இரண்டாம் முறை வாங்க வரமாட்டார்கள்.

5. பல் போட்டதும் உடலை முழுதாகப் பாருங்கள்

முன்பற்களில் முதல் ஜோடி நிலைப்பல் ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் முளைக்கும். இரண்டு பல் போட்ட கிடா விற்பனைக்குச் சரியான வயது. வாங்குபவருக்கு நோட்டின் மேல் சந்தேகம் இருந்தாலும் பல்லின் மேல் இருக்காது.

வாயை மூடிப் பாருங்கள். கீழ்ப்பற்கள் மேல் ஈறில் பொருந்த வேண்டும். தாடை முன்னே நீண்டோ உள்ளே இழுத்தோ இருந்தால் கழித்துவிடுங்கள், குட்டிகளுக்கும் வரக்கூடும். நாலு காலும் நேராக ஊன்ற வேண்டும். முக்கியமாகப் பின்னங்கால்கள்: ஏறும்போது முழு எடையும் அதில்தான்.

அடுத்து விதைப்பை. கிடாவை நிற்க வைத்துப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். இரண்டு விதையும் ஒரே அளவில் இருக்க வேண்டும், பைக்குள் மேலும் கீழும் தாராளமாக நகர வேண்டும். கையை மடக்கிப் புஜத்தை இறுக்கினால் எப்படி இருக்குமோ அந்த இறுக்கம் சரி. கொழகொழவென்றோ கல் போலவோ இருக்கக் கூடாது. அடியில் இருக்கும் மொட்டில் கட்டி தட்டுப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் விற்காதீர்கள். ஒரு விதை இறங்காத கிடா எவ்வளவு அழகாக இருந்தாலும் கறிக்குத்தான்.

டேப்பால் விதைப்பையின் சுற்றளவை அளந்து எழுதுங்கள். ஒரே வயதுக் கிடாக்களில் அளவு பெரிதாக இருப்பது விந்து உற்பத்திக்கு நல்ல அறிகுறி. அதன் மகள்களும் சீக்கிரம் பருவத்துக்கு வரும். அளந்து காட்டும் விற்பனையாளர் இந்தப் பக்கம் அரிது. அந்த ஒரு டேப் என் விலையை உயர்த்தியிருக்கிறது.

6. காய்ச்சல் கணக்கு, ஊசிக் கணக்கு

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஆரம்பத்தில் விற்ற ஒரு கிடாவுக்கு மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சல். முகம் வீங்கி மூக்கு ஒழுகிற்று, அப்புறம் சரியாகிவிட்டது. தீனி தின்றது, நன்றாக ஏறவும் செய்தது. மூன்று வாரம் கழித்து விற்றேன். வாங்கியவர் பட்டியில் இருபது பெட்டையும் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. "ஏனுங்க, கிடா வேலை செய்யுது, ஒண்ணும் சினை நிக்கலீங்களே" என்று அவர் போனில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இழந்த பருவத்தைத் திருப்பித் தர முடியவில்லை.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. விந்து உருவாகி வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். கடும் காய்ச்சல் வந்தால் அந்தச் சமயத்தில் உருவாகிக்கொண்டிருந்த விந்து கெடும். கிடாவின் ஆசை குறையாததால் வெளியே தெரியாது. அன்றிலிருந்து என் பட்டியில் ஒரு விதி: விற்பதற்கு முந்தைய 60 நாளில் காய்ச்சல் வந்த கிடா விற்பனைக்கு இல்லை. மருத்துவர் விந்துப் பரிசோதனை செய்து சரி என்றால் மட்டும் விலக்கு.

தடுப்பூசிகளை விற்பனைக்கு மூன்று வாரம் முன்பே முடியுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போட்ட ஊசி மூன்று வருடம் தாங்கும். துள்ளுமாரிக்கு வருடா வருடம், கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஆட்டம்மை, நீலநாக்கு இரண்டையும் உங்கள் மருத்துவமனை அட்டவணைப்படி போட்டுக்கொள்ளுங்கள். தேதியும் மருந்தின் பெயரும் நோட்டில் ஏற வேண்டும்.

கருச்சிதைவு நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உள்ளூர் மருத்துவர் மூலம் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரி அனுப்பலாம். ஒரு கிடாவால் ஒரு பட்டி முழுக்கக் குட்டி வீசும் நோய் அது, மனிதருக்கும் தொற்றும். முடிவுத்தாள் கையில் இருந்தால் பேச்சே பாதி குறையும்.

7. வண்ணப்பொடி வைத்துச் சோதியுங்கள்

பெட்டையே பார்க்காத கிடாவை "நல்லா ஏறும்ங்க" என்று சொல்லி விற்பது அடிக்கடி நடக்கிற தவறு. உறவில்லாத எட்டுப் பத்துப் பெட்டைகளோடு விட்டுப் பாருங்கள். உங்கள் பண்ணையில் அதன் அக்கா தங்கை எது என்று நோட்டு சொல்லும்.

கிடாவின் நெஞ்சில், முன்னங்கால்களுக்கு இடையே, விளக்கெண்ணெயில் குழைத்த வண்ணப்பொடியைப் பூசுங்கள். ஏறிய பெட்டையின் இடுப்பில் நிறம் ஒட்டும். நான் முதலில் காவியை முயன்றேன். மேச்சேரி ஆட்டின் பழுப்பு முதுகில் காவி தெரியவே இல்லை. இப்போது கோலத்துக்கு விற்கும் மஞ்சள் பொடியில் தொடங்குகிறேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும்.

செம்மறி பருவத்துக்கு வருவது 17 நாளுக்கு ஒரு முறை. ஆகவே 17 நாள் மஞ்சள், அடுத்த 17 நாள் நீலம். மஞ்சள் பட்ட பெட்டைகளில் பெரும்பாலானவற்றின் மேல் நீலம் படவில்லை என்றால் சினை நின்றுவிட்டது. எல்லாவற்றின் மேலும் நீலம் பட்டால் கிடா வெறுமனே உழைக்கிறது. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. மாற்றிப் பூசினால் இரண்டாவது நிறம் கண்ணுக்குத் தெரியாது. தினமும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், இதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

8. விலை: கீழ்மட்டத்தை முதலில் போடுங்கள்

அந்த வாரச் சந்தை விலையே உங்கள் கீழ்மட்டம். மேச்சேரி புதன் சந்தையிலோ கொங்கணாபுரம் சனிச் சந்தையிலோ அரை மணி நேரம் நின்றால் உயிர் எடைக்கு என்ன போகிறது என்று தெரியும். ஒரு கணக்குக்காக, கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 கிலோ கிடா 11,200.

ஆறாம் மாதமே விற்காமல் மேலும் ஒன்பது மாதம் வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு 300 கிராம் தீவனம், 270 நாளுக்கு 81 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 2,430. பரிசோதனை, ஊசி, காதுவில்லைக்கு ஒரு 500. மொத்தம் 14,130. இதற்குக் கீழே இறங்கினால் தீவனச் செலவும் பரிசோதனைச் செலவும் முழுதாகத் திரும்பாது. இதற்கு மேல் நீங்கள் கேட்கும் இரண்டாயிரமோ நாலாயிரமோ நோட்டுக்கும் சோதனைக்கும் உரிய கூலி.

கழித்த குட்டிகளின் நஷ்டத்தைப் பொலிகிடா தலையில் ஏற்றாதீர்கள். அவை கறி விலைக்குப் போய்த் தம் செலவைத் தாமே எடுத்துவிட்டன.

9. சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்

சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசப்படுவது கறி விலை. உங்கள் நோட்டை அங்கே யாரும் பிரிக்கமாட்டார்கள். விலை படியாமல் திரும்பக் கூட்டி வந்தால் ஆட்டுக்கொல்லியையும் அம்மையையும் சேர்த்துக் கூட்டி வரக்கூடும். அப்படித் திரும்பிய கிடாவை நாலு வாரம் தனியே கட்டாமல் பட்டியில் விடவே கூடாது.

ஆள் தேட வேறு வழிகள் உண்டு. பொட்டனேரியில் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பயிற்சிக்கு வரும் வளர்ப்பாளர்களோடு பழகுங்கள். உங்கள் கால்நடை மருந்தகத்தில் பெயர் சொல்லி வையுங்கள். வாட்ஸ்அப்பில் போடுவதென்றால் நாலு படம் போதும்: பக்கவாட்டில் சமதளத்தில் நிற்பது, பின்புறம், பல், நோட்டுப் பக்கம். பெரும்பாலோர் கிடாவை மேட்டில் ஏற்றி, கீழிருந்து படமெடுக்கிறார்கள். நேரில் வந்தவர் "படத்துல பெருசா இருந்துச்சே" என்று முதல் வார்த்தை சொல்லும்போதே விலை சரிந்துவிடும்.

10. வாங்குபவர் வரும் நாள்

காலையில், மேய்ச்சலுக்கு முன் வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில், அவர் கண் முன்னே எடை போடுங்கள். உப்பு கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து எடை ஏற்றும் வித்தை எல்லோருக்கும் தெரியும். வீங்கிய வயிற்றைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொள்வார்.

வாசலில் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் செருப்பை நனைத்துவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். பலரும் சந்தை முடிந்து நேராக வருவார்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர், "இங்க இருந்து வாங்கலாம் போல" என்று சொன்னதுதான் உண்டு.

கிடாவை முதலில் காட்ட வேண்டாம். தாயைக் காட்டுங்கள், அதே தகப்பனுக்குப் பிறந்த பெட்டைகளைக் காட்டுங்கள், அப்புறம் கிடா.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் உண்டு. எத்தனை பெட்டை? இப்போது இருக்கும் கிடா யார் கொடுத்தது? எந்த ஊருக்குப் போகிறது? இளம் கிடாவுக்கு முதல் பருவத்தில் பத்துப் பதினைந்து பெட்டை போதும், முதிர்ந்த பின் இருபத்தைந்து முப்பது. அறுபது பெட்டைக்கு ஒரே இளங்கிடா கேட்பவரிடம் இரண்டாவது கிடாவையும் வாங்கச் சொல்லுங்கள், அல்லது விற்காதீர்கள். ஏற்காடு பக்கத்துக்கு ஐப்பசி மழையில் ஒரு கிடாவை அனுப்பினேன். வறண்ட காட்டில் நடந்த குளம்பு ஈரத்தில் அழுகிப்போயிற்று. மலைக்குப் போவதென்றால் மழை விட்ட பிறகு, அதுவும் பரண் போட்ட கொட்டகை இருந்தால்தான்.

11. சீட்டு எழுதுங்கள்

காதுவில்லை எண், பிறந்த தேதி, தாய் தகப்பன் எண், எடைகள், விதைப்பைச் சுற்றளவு, ஊசித் தேதிகள், விலை, முன்பணம். இரண்டு பிரதி, இருவர் கையெழுத்து. முன்பணம் கொடுத்தவர் எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பதினைந்து நாளுக்கு மேல் தீனிச் செலவு அவருடையது.

உத்தரவாதம் எழுத்தில் இருக்கட்டும். நான் எழுதுவது: பெட்டைகளோடு விட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், இரண்டு சுற்று வண்ணம் பூசியும் சினை நிற்கவில்லை என்றால் வேறு கிடா அல்லது கறி விலை போகப் பாக்கிப் பணம். காய்ச்சல், அடிபடுதல், பட்டினி இதில் சேராது. "ஏதாவதுன்னா பாத்துக்கலாம்ங்க" என்ற வாய்ப்பேச்சு இரண்டு பக்கமும் வேறு வேறு அர்த்தம் தரும்.

12. வண்டி ஏற்றுதல்

பயணத்துக்கு உகந்தது என்று கால்நடை மருத்துவரின் சான்று வாங்கிக் கொடுங்கள். அதிகாலையில் ஏற்றுங்கள். தரையில் வைக்கோல் பரப்ப வேண்டும், சறுக்கி விழுந்த கிடாவின் இடுப்பு சுளுக்கினால் அந்தப் பருவம் போச்சு. பெட்டைகளோடு ஒரே தடுப்பில் ஏற்ற வேண்டாம். காலைக் கட்டி இருசக்கர வண்டியில் குறுக்கே போட்டுக்கொண்டு போகிறேன் என்பவருக்குக் கிடாவைக் கொடுக்காதீர்கள். பத்து நாள் தின்னும் அளவு உங்கள் தீவனத்தை ஒரு மூட்டையில் கட்டிக் கொடுங்கள். திடீரெனத் தீனி மாறினால் கழியும்.

13. விற்ற பிறகு

மூன்று நாலு வாரம் தனியே கட்டச் சொல்லுங்கள். அவரிடம் இன்னொரு கிடா இருந்தால், இரண்டையும் ஒன்றாக விடும் முதல் நாள் நெருக்கமான சிறு பட்டியில் விட வேண்டும். ஓடி வந்து மோத இடம் இருந்தால் கழுத்து முறியும்.

பெட்டைகளோடு விட்ட இருபதாம் நாள் போன் செய்யுங்கள். இரண்டாம் நிறம் எத்தனை பெட்டையில் விழத் தொடங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஐந்து மாதம் கழித்து இன்னொரு போன்: எத்தனை குட்டி, என்ன எடை. அதை உங்கள் நோட்டில் தகப்பன் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த வருடக் கிடாக்களை இந்தப் பக்கத்தை வைத்துத்தான் விற்கப் போகிறீர்கள்.

அதே ஆள் இரண்டாம் வருடக் கடைசியில் மறுபடி வருவார். முதல் கிடாவின் மகள்கள் அவர் பட்டியில் சினைக்குத் தயாராக நிற்கும். அப்பன் தன் மகள்மேல் ஏறினால் குட்டிக்கு இரத்தநெருக்கம் 25 சதவீதம். முதல் கிடாவின் தம்பியைக் கொடுத்தாலும் நெருக்கம் போகாது, குறையும், அவ்வளவுதான். இதற்குத்தான் உங்களிடம் இரண்டாவது தகப்பன் வரிசை வேண்டும் என்றேன். முதலில் ஒற்றை எண் வில்லைக் கிடா வாங்கியவருக்கு இப்போது இரட்டை எண். என் பட்டியில் ஒரு தகப்பன் வரிசைக்கு ஒற்றை எண், மற்றதற்கு இரட்டை எண் என்று வில்லை போட்டிருப்பதால், போனில் எண்ணைக் கேட்டவுடன் எந்தப் பக்கக் கிடாவைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.